கொழுந்துக் கணக்கை யார் பார்க்கலாம்? அறிக்கை உரிமைகளை ஸ்கிரிப்ட் வழியே கட்டுப்படுத்திய அனுபவம்

ஜூலை மாத மழைக்காலக் காலை ஒன்றில், கோத்தகிரியில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், என் மேசை முன் நின்றபடியே கேட்டார்: “அம்மா, நான் வாங்கின முன்பணம் எனக்கும் உங்க ஆபீசுக்கும் தெரிஞ்ச விஷயம். அது எப்படிம்மா பஸ் ஸ்டாண்டுல இன்னொருத்தன் வாயில வருது?” அவர் எங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தேயிலைக் கொழுந்து போடுகிற சிறு விவசாயி. மகள் திருமணத்துக்காக எங்களிடம் முன்பணம் வாங்கி, மாதந்தோறும் கொழுந்துப் பணத்தில் கழித்து வந்தார். அந்தப் பாக்கித் தொகையை ரூபாய் பிசகாமல் வேறொரு கொள்முதல் நிலையத்தின் எழுத்தர் நாலு பேர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் ஊர்ப் பேச்சு என்று விட்டிருக்கலாம். கடைசி இலக்கம் வரை சரியாக இருந்ததால், அது என் கையில் இருந்த அறிக்கையிலிருந்துதான் போயிருக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கோத்தகிரி, கட்டபெட்டு, கீழ்க்கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொள்முதல் நிலையங்கள் உண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் எழுத்தர் எடை போடுவார். மழை நாளில் ஈரத்துக்கும், முற்றிய இலைக்கும் கழிவு பிடிப்பார். மாலையில் அது மத்திய தரவுத்தளத்துக்கு வந்து சேரும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையைப் பார்த்து, மாத முடிவில் பட்டுவாடா நடக்கும். விவசாயி வாரியான எடை, கழிவு, உரப் பாக்கி, முன்பணம், நிகரத் தொகை, வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2016-இன் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்ற அறிக்கைப் பிரிவு வழியாக இணைய உலாவியில் திறக்கும் அறிக்கைகளாக இருந்தன. நிலைய எழுத்தர்கள் தங்கள் நிலையத்தின் அறிக்கையை மட்டும் பார்க்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அப்படித்தான் நடக்கிறது என்று நானும் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை இரண்டு ஏற்பாடுகளின் மேல் நின்றது. பட்டுவாடா அறிக்கைகள் இருந்த ஃபோல்டரை மறைத்து வைத்திருந்தேன்; மறைத்து வைப்பதற்கான குறியை இட்டால் அது பட்டியலில் தெரியாது. ஆனால் அது கண்ணுக்கு மட்டுமான மறைப்பு. மறைந்தவற்றையும் காட்டு என்று பார்வைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கிறவருக்கோ, முகவரியை நேரடியாகத் தட்டுகிறவருக்கோ, உரிமை இருந்தால் அது திறந்துவிடும். இரண்டாவதாக, அறிக்கைக்கு நிலையக் குறியீட்டை ஒரு அளவுருவாக, அதாவது எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் மதிப்பாக அனுப்பி, அந்த அளவுருவை மறைந்த வகையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் கொடுத்த இணைப்பிலேயே அதன் எண் இருக்கும். ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் ‘ஹிடன்’ அளவுருவை இணைய முகவரி வழியே மாற்ற முடியும். ‘இன்டர்னல்’ என்று வைத்தால்தான் முகவரி வழியே மாற்ற முடியாது. முகவரியில் 07 என்று இருந்ததை 08 என்று யாரோ மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து நிலையத்தின் மொத்தக் கணக்கும் அப்படியே திறந்திருக்கிறது.

இதை யூகமாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டிங் சர்வீசஸின் தரவுத்தளத்தில் ‘எக்ஸிக்யூஷன் லாக் 3’ என்ற பார்வை உண்டு. எந்த அறிக்கையை, யார், எப்போது, என்ன அளவுருக்களுடன், எந்த வடிவில் திறந்தார் என்பது அதில் வரிவரியாக இருக்கும். ஒரு எழுத்தரின் பெயருக்கு எதிரே அவருடையதல்லாத நிலைய எண்கள் வந்த வரிகளைப் பிரித்து எடுத்தேன். ஒருவர் இல்லை, மூவர். அவர்களில் ஒருவர் எக்செல் வடிவிலும் இறக்கி வைத்திருந்தார். அதற்கு முன்பு என்ன நடந்தது என்று தேடியபோது பதிவே இல்லை. ஏனென்றால் அந்தப் பதிவுகள் இயல்பாக 60 நாட்கள் மட்டுமே வைக்கப்படும். நான் அந்த எண்ணை ஒருபோதும் மாற்றியதில்லை. யாருடைய கணக்கு எவ்வளவு காலம் வெளியே போனது என்று அந்தப் பெரியவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லாமல் போனதற்கு அந்த ஒற்றை அமைப்புதான் காரணம். அன்றே அதை 365 ஆக்கினேன். இந்த முறைமையைப் பயன்படுத்துகிற யாராக இருந்தாலும், வேறெதையும் தொடுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து உரிமைகளைப் பார்த்தேன். வேர் ஃபோல்டரிலேயே, டொமைனில், அதாவது எங்கள் அலுவலக வலையமைப்பில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் ‘பிரவுசர்’ என்ற பங்கு, அதாவது அறிக்கைகளைத் திறந்து பார்க்கும் உரிமை, கொடுக்கப்பட்டிருந்தது. கீழே உள்ள ஒவ்வொன்றும் அதைத் தாய் ஃபோல்டரிடமிருந்து பெற்றிருந்தது. இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்: இந்த முறைமையில் ஒருவருக்கு அனுமதியை மறுக்கும் விதியே கிடையாது. உரிமைகள் கூடிக்கொண்டுதான் போகும். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால் இரண்டின் உரிமையும் அவருக்குச் சேரும். ஆகவே, எல்லோருக்கும் மேலே கொடுத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் கீழே தடுக்கலாம் என்று நினைத்தால் அது நடக்காது. வேரில் எல்லோருக்கும் எட்டிப் பார்க்கும் அளவுக்கு மட்டும் உரிமை வைத்து, ஒவ்வொரு துணை ஃபோல்டரிலும் தாய் ஃபோல்டரிடமிருந்து உரிமை இறங்கிவரும் பரம்பரையை முறித்து, அங்கே தேவையானவர்களை மட்டும் எழுத வேண்டும். தனித்தனி அறிக்கையில் உரிமை எழுதுவதை நான் இப்போது முற்றிலும் தவிர்க்கிறேன். யாரோ ஒருவர் என்றைக்கோ ஒரு அறிக்கையில் தனியாக எழுதிவைத்த உரிமை, மேலே ஃபோல்டரில் நாம் செய்யும் எந்த மாற்றத்துக்கும் அசையாமல் அங்கேயே இருக்கும். இன்னொரு அறிக்கையைச் சுட்டிக்கொண்டு வேறு பெயரில் நிற்கும் இணைப்பு அறிக்கைகளுக்கும் தனி உரிமை உண்டு என்பதால், அவற்றையும் சேர்த்தே தேட வேண்டும்.

இதையெல்லாம் திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் செய்ய முடியாதா என்று மேலாளர் கேட்டார். ஒருமுறை செய்யலாம். எழுத்தர்கள் கொழுந்து மிகுந்த மாதங்களுக்கு மட்டும் சேருவார்கள், உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் வரத்துக் குறையும்போது நின்றுவிடுவார்கள், ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவார்கள். கையால் செய்வது இரண்டாவது மாதத்திலேயே பின்தங்கிவிடும். அதனால் ஸ்கிரிப்ட், அதாவது இந்த வேலைகளைத் தானே வரிசையாகச் செய்யும் சிறு நிரல், எழுத முடிவு செய்தேன். ரிப்போர்ட்டிங் சர்வீசஸுடன் ‘ஆர்எஸ்’ என்ற கட்டளை நிரல் வருகிறது. விஷுவல் பேசிக் டாட்நெட்டில் எழுதிய ஸ்கிரிப்டை அது ஓட்டும். பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியின் குழுக்களையும் ஒரே இடத்திலிருந்து கையாள வேண்டியிருந்ததால் நான் விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லைத் தேர்ந்தெடுத்து, ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் நிரல்களுக்காகத் தரும் 2010 என்ற எண் கொண்ட இணையச் சேவையை நேரடியாக அழைத்தேன்.

முதல் ஸ்கிரிப்ட் செய்த சேதத்தை மறைக்காமல் எழுதுகிறேன். ‘செட் பாலிசீஸ்’ என்ற அழைப்பு, நாம் கொடுக்கும் பட்டியலை ஏற்கெனவே உள்ளதோடு சேர்ப்பதில்லை. பழைய பட்டியலை முழுவதும் அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறது. பட்டுவாடா ஃபோல்டருக்கு நான் அனுப்பிய பட்டியலில் நிலைய மேற்பார்வையாளர்களின் குழு மட்டும் இருந்தது. மறுநாள் பட்டுவாடா நாள். காலை பதினொரு மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. வங்கிக்கு அனுப்பும் பட்டியல் திறக்கவில்லை, ‘அக்சஸ் டினைடு’ என்று வருகிறது என்றார்கள். பொது மேலாளருக்கும் திறக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குள் வங்கியில் ஏற்றாவிட்டால் அன்றைக்குப் பணம் போகாது. சர்வரின் உள்ளூர் நிர்வாகிக் கணக்கு என்னிடம் இருந்ததால் உள்ளே போய் உரிமைகளைத் திரும்ப எழுத முடிந்தது. ஆனால் பழைய பட்டியலை நான் எங்கும் சேமித்து வைக்கவில்லை. யார் யாருக்கு இருந்தது என்று நினைவிலிருந்துதான் எழுதினேன். பணம் நேரத்துக்குப் போய்விட்டது. உரக் கணக்குப் பார்க்கும் பெண்மணியின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அவர் மறுநாள் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

அதன்பின் ஸ்கிரிப்டை அடியோடு மாற்றி எழுதினேன். இப்போது அது முதலில் ‘கெட் பாலிசீஸ்’ மூலம் ஒவ்வொரு ஃபோல்டரின் நடப்பு உரிமைகளைப் படித்து, தேதியிட்ட கோப்பில் சேமிக்கிறது. அந்த அழைப்பு பட்டியலோடு கூட, அது தாய் ஃபோல்டரிலிருந்து வந்ததா இல்லையா என்ற குறியையும் திருப்பித் தரும். அந்தக் குறியைப் பார்க்காமல் பட்டியலைப் படித்து அப்படியே திரும்ப எழுதினால், நமக்கே தெரியாமல் அங்கே பரம்பரை முறிந்துவிடும். படித்த பிறகு, இருக்க வேண்டிய பட்டியலோடு ஒப்பிட்டு, சேர்க்க வேண்டியவை, நீக்க வேண்டியவை என்று இரண்டு தாள்களாகக் காட்டுகிறது. எதையும் எழுதாமல் காட்டுவதுதான் அதன் இயல்பு. எழுத வேண்டுமானால் கட்டளையோடு தனியாக ஒரு குறிச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நிர்வாகிகளின் குழு புதிய பட்டியலில் இல்லையென்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நீக்க வேண்டியவை ஐந்துக்கு மேல் இருந்தாலும் நிற்கும். ஒரே இரவில் ஐந்து பேருக்கு மேல் எங்கள் நிறுவனத்தை விட்டுப் போவதில்லை. தனித்தனியாகச் சேர்க்கவும் நீக்கவும் மட்டும் வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள ‘ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் டூல்ஸ்’ என்ற பவர்ஷெல் தொகுப்பில் அதற்கான கட்டளைகள் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது பாதுகாப்பான வழி.

இன்னொரு பாடத்தை மழை கற்பித்தது. ஓர் இரவு ஸ்கிரிப்ட் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது மலைப்பாதையில் மரம் விழுந்து இணைப்பு அறுந்தது. சில ஃபோல்டர்கள் புதிய நிலையிலும் மற்றவை பழைய நிலையிலும் நின்றன. எத்தனை முறை திரும்ப ஓட்டினாலும் ஒரே முடிவு வருமாறு எழுதியிருந்ததால், காலையில் மீண்டும் ஓட்டியதும் சரியாகிவிட்டது. எங்கள் ஊரில் மின்சாரமும் இணைப்பும் எந்த நேரமும் போகலாம் என்பதை ஸ்கிரிப்ட் எழுதும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஃபோல்டர் உரிமை ஒருவரை அறிக்கைக்குள் விடுவதா வேண்டாமா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. உள்ளே வந்தவர் எந்த நிலையத்தின் வரிகளைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்க வேறு ஏற்பாடு வேண்டும். எங்கள் அறிக்கைகள் சேமித்து வைத்த ஒற்றைப் பயனர் பெயரில் தரவுத்தளத்தை அணுகுகின்றன. ஆகவே தரவுத்தளத்துக்கு எல்லோரும் ஒருவரே. யார் பார்க்கிறார் என்பது அறிக்கைச் சர்வருக்கு மட்டும் தெரியும், அதை ‘யூசர் ஐடி’ என்ற உள்ளமை மதிப்பாகத் தருகிறது. உள்நுழைவுப் பெயர், நிலையக் குறியீடு என்ற இரண்டு பத்திகளோடு ஒரு அட்டவணை அமைத்து, அறிக்கைகளுக்குத் தரவை எடுத்துத் தரும், தரவுத்தளத்தில் சேமித்த செயல்முறைகள் எல்லாம் அந்த அட்டவணையோடு இணைத்த பிறகே வரிகளைத் தருமாறு மாற்றினேன். முகவரியில் யார் எந்த எண்ணைத் தட்டினாலும், அட்டவணையில் அவருக்கு அந்த நிலையம் இல்லையென்றால் காலித் தாள்தான் வரும்.

இதில் ஒரு நுட்பமான ஓட்டை இருந்தது. முதலில் நான் யூசர் ஐடியை அறிக்கையின் அளவுருவுக்கு இயல்பு மதிப்பாகக் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் அதையும் முகவரி வழியே மாற்றிவிடலாம். நிலைய எண்ணை மாற்றியவர் இனி ஆளின் பெயரையே மாற்றுவார், அவ்வளவுதான் வித்தியாசம். அறிக்கைக்குள் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் பகுதியான தரவுத்தொகுப்பின் அளவுருவிலேயே யூசர் ஐடியை நேரடியாகக் கோத்து, அறிக்கையின் அளவுருப் பட்டியலில் அது இடம்பெறாதவாறு செய்ய வேண்டும். எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல் தரவுத்தளத்திலேயே வரிமட்டப் பாதுகாப்பு வசதி, அதாவது யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்று தரவுத்தளமே தடுக்கும் வசதி இருக்கிறது. பயனர் பெயரை, தரவுத்தளத்தோடு ஏற்படும் ஒவ்வொரு தொடர்புக்கும் உரிய அமர்வுச் சூழலில் எழுதி அந்த வசதியைப் பயன்படுத்தும் வேலையை இப்போது ஒவ்வொரு அட்டவணையாகச் செய்து வருகிறேன்; புதிதாக ஒரு செயல்முறையை எழுதுகிறவர் அட்டவணையோடு இணைக்க மறந்தாலும் அது காப்பாற்றும்.

இந்த அட்டவணைக்கு இன்னொரு பயனும் இருப்பதைப் பின்னர் கண்டேன். குழுவிலிருந்து ஒருவரை நீக்கினாலும், அவர் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தால் அவருடைய பழைய அனுமதிச் சீட்டு செல்லுபடியாகிக்கொண்டிருக்கும். விண்டோஸ் வலையமைப்பு உள்நுழைவுக்குத் தரும் கெர்பரோஸ் என்ற இந்தச் சீட்டின் இயல்பான ஆயுள் 10 மணி நேரம். காலையில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவர் மாலை வரை அறிக்கையைத் திறக்க முடியும். அட்டவணையிலிருந்து வரியை எடுத்தால் அடுத்த சொடுக்கிலேயே அவருக்கு எதுவும் வராது.

அறிக்கையைக் குறித்த நேரத்தில் தானாக அனுப்பும் மின்னஞ்சல் சந்தாக்களை நான் கடைசியாகத்தான் நினைத்துப் பார்த்தேன், அது தவறு. தினமும் அதிகாலை ஐந்து மணிக்கு எடைச் சுருக்கம் இணைப்புக் கோப்பாகச் சிலருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சந்தாவின் உரிமையாளர் கணக்கர். பெறுநர் பட்டியலில் இருந்தவர்களுக்கு அறிக்கையைத் திறக்கும் உரிமை இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. எல்லா உரிமைகளையும் எடுத்துவிட்ட ஒரு முன்னாள் முகவருக்கு அது மேலும் மூன்று வாரங்கள் தவறாமல் போயிருக்கிறது. இப்போது சந்தாக்களின் பெறுநர் முகவரிகளையும் அதே இரவு ஸ்கிரிப்ட் படித்து, பட்டியலில் இல்லாத முகவரியைக் கண்டால் எனக்குத் தெரிவிக்கிறது.

சோதனையைப் பற்றிச் சுருக்கமாக: திறக்க வேண்டியது திறக்கிறதா என்று மட்டும் சோதித்துக்கொண்டிருந்தேன், அதைப் பயனர்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். திறக்கக் கூடாதது திறந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பங்குக்கும் ஒரு சோதனைக் கணக்கு வைத்து, அந்தக் கணக்கில் பிற நிலையங்களின் முகவரிகளைத் திறக்க முயலும் தனி ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் ஓடுகிறது. அதில் ஒரு முயற்சி வெற்றி பெற்றாலும் என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும்.

எக்செல்லாக இறக்கி வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதை எந்த ஸ்கிரிப்டாலும் தடுக்க முடியாது. அதற்காக அறிக்கையையே குறைத்தோம். எழுத்தருக்கு முழு வங்கிக் கணக்கு எண் எதற்கு? கடைசி நான்கு இலக்கங்கள் போதும். முன்பணப் பாக்கி அவருக்குத் தேவையே இல்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரின் அறிக்கையில் மட்டும் வைத்தோம். மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியபோது நிர்வாகத்தை இணங்க வைக்க அது எனக்கு உதவியது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெரியவர் வந்து நிற்காமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவருக்குச் சொல்லியனுப்பி வரவழைத்தேன். நடந்தது எங்கள் தவறு என்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “இனிமே என் கணக்கை யார் யாரெல்லாம் பாப்பாங்க, அதைச் சொல்லும்மா.” உரிமைகளையும் அட்டவணையையும் சேர்த்து, ஒரு விவசாயியின் வரியைப் பார்க்கக்கூடியவர்கள் யார் என்று காட்டும் அறிக்கையை ஸ்கிரிப்ட் வழியே தயாரித்திருந்தேன். அதை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். ஐந்து பெயர்கள் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தவர், நான்காவது பெயரில் நிறுத்தினார்.

“இந்தப் பையன் ரெண்டு மாசம் முன்னாடியே திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டானேம்மா.”

கள அலுவலரைத் தொலைபேசியில் கேட்டேன். உண்மைதான் என்றார், சொல்ல மறந்துவிட்டதாகவும் சொன்னார். அந்தப் பையனின் கணக்கைப் பெரியவர் முன்பாகவே முடக்கி, அட்டவணையிலிருந்து வரியை எடுத்து, தாளைப் புதிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். நான்கு பெயர்கள் இருந்த அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மாலை அட்டவணையில் ‘முடியும் நாள்’ என்று மூன்றாவது பத்தியைச் சேர்த்தேன். அதைக் காலியாக விட முடியாது, மூன்று மாதங்களுக்கு மேல் நீட்டவும் முடியாது. கள அலுவலர் பெயரைப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த மூன்று மாதங்கள் கிடைக்கும்.